கடைசிப் பத்தி

பாஸ் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்னும் ஒரு பத்திதான். அதை அவர் வாசித்துவிட்டால் என் தொல்லை ஒழிந்தது.

கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நான் வழக்கறிஞராகும் நாள் அது. எனக்குப் பயிற்சி கொடுத்த பாஸ் கிருபானந்தன்தான் நீதிபதி முன்னால் நின்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவள் இன்னார் மகள், இங்கே படித்தாள், இவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீனியர் எழுந்து கேட்க வேண்டும். அது இங்கே வழக்கம். ஆனால் அந்தப் பேச்சை எழுதிக் கொடுப்பது சம்பந்தப்பட்டவளேதான். தன்னைத் தானே புகழ்ந்து எழுதி, அடுத்தவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்கக்கேடு!

கடைசிப் பத்தியில் நான் எழுதியிருந்தது இதுதான்: 'தாரா எங்கள் நிறுவனத்திலிருந்து விலகுகிறார். திங்கட்கிழமை முதல் கிள்ளானில், தொழிலாளர் வழக்குகளை நடத்தும் லோகேஸ்வரியின் அலுவலகத்தில் சேர்கிறார்.'

ராஜினாமாவை இப்படியா செய்வார்கள் என்று கேட்காதீர்கள். வேறு எப்படிச் செய்வதாம்?

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பாஸின் ஆபீஸில் யாரும் கத்த மாட்டார்கள். கத்தினால்கூடத் தேவலை, பதிலுக்குக் கத்திவிட்டுக் கிளம்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைக்கும்போது பாஸிடமிருந்து போன் வரும். "தாரா, சின்ன வேலைதான் லா. நம்ம ஆபீஸ் ஒரு ஃபேமிலி இல்லையா?"

அந்தச் சின்ன வேலையில் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

எனக்கு முன்னால் சேர்ந்த கௌசலாவைச் சீக்கிரம் பார்ட்னர் ஆக்குவதாகச் சொன்னார்கள். அவள் இன்னமும் பாஸின் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடுகிறாள். கோர்ட்டில் ஒரு தடவை தனியாக எழுந்து பேசியதில்லை.

லோகேஸ்வரி அக்கா கொடுக்கப்போவது குறைந்த சம்பளம்தான். ஆனால் முதல் வாரமே ஒரு கேஸை என்னிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

பாஸிடம் சொல்ல எத்தனை முறை அவர் அறைக்குப் போயிருப்பேன்! "முதல்ல லாயர் ஆயிடு, அப்புறம் பேசலாம் லா" என்று தட்டிக்கழித்துவிடுவார். அதற்கு மேல் அழுத்தவும் பயம். கோபம் வந்து, இன்றைக்கு எனக்காக எழுந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

வீட்டிலும் வாய் திறக்க முடியாது. ஆபீஸில் பாஸாக இருப்பவர் கோயிலில் எனக்கு அங்கிள். அப்பாவுக்குப் பழைய நண்பர். "கிருபாகிட்ட வேலை கிடைச்சிருக்கு. இதைவிட வேறென்ன வேணும் பிள்ளை?" என்று அப்பா கேட்டால் நான் என்னத்தைச் சொல்வது?

ஆனால் பாஸிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜூனியர் எழுதிக் கொடுப்பதை அவர் முன்கூட்டிப் படிப்பதே இல்லை. கோர்ட்டில் எழுந்து நின்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பார். இறந்துபோன கட்சிக்காரர் ஒருவர் நலமாக இருப்பதாக வாசித்துவிட்டு, கொஞ்சம்கூட அசடு வழியாமல் அடுத்த வரிக்குப் போனவர். இந்தப் பழக்கத்தை நினைத்து ஆபீஸே நடுங்கும். எனக்கு மட்டும் அது வரமாகத் தெரிந்தது. என் ராஜினாமாவை அவரே தன் வாயால் வாசிப்பார், அப்பாவும் கேட்பார், நீதிபதி சாட்சி. அதற்குப் பிறகு எவரும் 'அப்புறம் பேசலாம்' என்று சொல்ல முடியாது.

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் அப்பா கோட்டும் டையுமாக, அந்த ஏர்கோன் குளிரிலும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பாஸ் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

வாசித்துத் தொலையுங்களேன்!

"யாங் ஆரிப், நிறைவாக ஒன்று" என்று நீதிபதியை மலாய் முறையில் விளித்துச் சொன்னார். பிறகு காகிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டார். "தாரா எங்கள் குடும்பத்துப் பிள்ளை. அவர் எங்கேயும் போகப்போவதில்லை. தொடர்ந்து எங்களோடுதான் இருப்பார்."

படித்திருக்கிறார்! பாவி மனுஷன், இந்த ஒரு தடவை மட்டும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருக்கிறார்.

அப்பா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. வழக்கறிஞர் மன்றத்தின் சார்பில் வந்தவர் ஆட்சேபம் இல்லை என்றார். நீதிபதி என்னை வழக்கறிஞராகச் சேர்த்து உத்தரவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை, நான் நிலைக்கப்போவது மகிழ்ச்சி என்று வாழ்த்தினார்.

பாஸ் கறுப்பு அங்கியை என் தோளில் போட்டுவிட்டார். நான் உட்கார்ந்ததும் காதருகே குனிந்தார்.

"திங்கட்கிழமை வந்துடு லா. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. திங்கட்கிழமை போனால் மறுபடியும் அந்த அறை, மறுபடியும் அதே சிரிப்பு. கௌசலா மாதிரி நானும் அங்கேயே கிடப்பேன்.

நீதிபதி ஃபைலை மூடினார். எழுந்து போகப்போகிறார்.

சற்று முன்புவரை இந்த அறையில் வாய் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. என் பெயரைச் சொல்லக்கூட இன்னொருவர் வேண்டியிருந்தது. இப்போது? இப்போது நானும் வழக்கறிஞர்தானே!

எழுந்துவிட்டேன்.

"யாங் ஆரிப், மன்னிக்க வேண்டும். என் சீனியர் சொன்னதில் ஒரு திருத்தம்."

ஒரு வழக்கறிஞர் பேச எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும் என்பது கோர்ட் மரியாதை.

இத்தனை வருடப் பழக்கதோஷம். பாஸ் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.