தள்ளுவதற்கு மட்டும்

ஊர்த்தெருவில் காலனிப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எட்டு வயது மகிழினி மிதித்துப் போய்விட்டாள். ஊர்த்தெருக்காரர்கள் சைக்கிளைப் பிடுங்கி, அதன்மேல் கல்லைத் தூக்கிப் போட்டார்கள். ஃபிரேம் வில்லாக வளைந்துவிட்டது.

பட்டறையில் அப்பா, "சின்னவ மரத்துல மோதிட்டாண்ணே" என்றார்.

அக்கா பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த மரம்ப்பா கல்லத் தூக்கிப் போட்டுச்சு?"

"நீ சும்மா இருடி. அண்ணே, உருண்டாப் போதும். தள்ளிக்கிட்டுத்தான போகப்போகுது."

பட்டறைக்காரர் இரும்புக் குழாயைச் செருகி நெம்பினார். பாதி நிமிர்ந்ததும், "தள்ளுறதுக்கு இது போதும்" என்று கையை எடுத்தார்.

பூங்கோதை குழாயைப் பிடித்தாள். "ஏறி மிதிக்க இன்னும் எவ்ளோ நெம்பணும்ணே?"

"வேணாம்டி" என்றார் அப்பா. அவள் நெம்பினாள். அப்பா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஃபிரேம் நழுவாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.