கடைசி வரியில் ஒரு சிரிப்பு

சாலிகிராமத்தில் நாங்கள் கதைக் கம்பெனி தொடங்கியபோது, எழுதி முடித்தாலே கணினி அதைப் படமாக்கிவிடும் காலம் வந்திருந்தது. படப்பிடிப்பு கிடையாது. நான் எழுதினேன். நடிகர்களின் முகத்தை விலைக்கு வாங்க வசதியில்லாததால், என் கணவர் குணாளன் தன் முகத்தைக் கொடுத்தார்.

முதல் கதையே பிரேசில், கொரியா என்று பல நாடுகளுக்குப் போனது. கடைசிக் காட்சியில் குணாளன் சாகிறார். மறுநாளே பிரேசில்காரர் அழைத்தார். மொழிபெயர்ப்புக் குரல் சுத்தத் தமிழில் கேட்டது.

"அம்மையீர், இறந்தவர் ஏன் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உதவி இயக்குநராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பிணமாக நடித்தவரைச் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுத்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம். பிணமாகவே அனுப்பினால் நடித்தவர் உயிருக்கு ஆகாது என்பார்கள். எடிட்டிங்கில் அந்தச் சிரிப்பை வெட்டிவிடுவார்கள். இங்கே வெட்ட ஆளில்லை என்பதை மறந்து, அதையும் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"அந்த வரியை நீக்குங்கள். இல்லையெனில் படம் வேண்டாம்."

நீக்கினேன். எல்லா நாட்டுத் திரையிலும் அவர் கண் திறக்காமல் கிடந்தார்.

சமையலறைக்குப் போனேன். குணாளன் ரசத்துக்குப் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாத்து ஒரு தடவ சிரிங்க."

"இப்ப எதுக்கு?"

"சிரிங்கன்னா சிரிங்க."

சிரித்தார்.

"இது பிரேசிலுக்கு. கொரியாவுக்கு இன்னொரு தடவ சிரிங்க."