சஹன் தட்டில் அவள் பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள் செல்லங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கோவளத்துக் கல்யாணத்தில் ஒரு தட்டில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். பிரியாணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தட்டைச் சுற்றி நான்கு பெண்கள். சஹன் சாப்பாடு அப்படித்தான். நான்கு பேருக்கு ஒரே பெரிய தட்டு, நடுவில் குவித்த பிரியாணி. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் தொட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போவது மரியாதை இல்லை.

ஃபக்ருன்னிசா பிஸ்மி சொல்லிக் கை வைத்தாள். இடப்பக்கம் மகள் ஹனியா. எதிரில் நாத்தனார் சபூராவும் அவள் மகள் அர்வாவும்.

"பாத்து அண்ணி," என்றாள் சபூரா. "வயித்த அறுத்தவங்க வாய அறுக்காம வுட்டுட்டாங்க."

அர்வா களுக்கென்று சிரித்தாள். ஃபக்ருன்னிசாவும் சிரித்துவைத்தாள். ஹனியா மட்டும் சிரிக்கவில்லை.

உடம்பைக் குறைக்க வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவள் ஃபக்ருன்னிசா. உடம்பு வற்றியது, சர்க்கரை இறங்கியது, முழங்கால் மடங்கித் தொழ முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஆனால் கொஞ்ச காலம் போனதும் அவள் கை வேறு யாருடைய கையோ ஆகிவிட்டது.

பசி இருக்காது. அடுப்படியில் நின்ற வாக்கில் தின்பாள். அந்தச் சின்ன வயிறு தாங்காமல் வலித்து, வேர்த்துக் கொட்டும்போதுதான் தின்றதே தெரியும்.

இதுவும் ஒரு நோய்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று செங்கல்பட்டு டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

போட்டதும், தலைக்குள் ஓயாமல் சோறு சோறு என்று கத்திக்கொண்டிருந்த ஒன்று வாயை மூடிக்கொண்டதுபோல இருந்தது. அங்கேதான் குழப்பமே.

சத்தம் அடங்கிய பிறகும், காலையில் பார்த்தால் குழம்புச் சட்டி துடைத்துவைத்தாற்போலக் கிடக்கும்.

"இன்னாம்மா இது, திரும்பவுமா?" ஹனியாதான் முதலில் மூடியைத் திறப்பாள்.

"நான்தான் தின்னிருப்பேன்," என்பாள் ஃபக்ருன்னிசா. நினைவில் ஒரு பருக்கைகூட இல்லை. ஆனால் கேளம்பாக்கத்து அந்த வீட்டில் அப்படித் தின்கிற பெயர் அவளுக்குத்தானே இருந்தது?

வயிறு வலிக்கவும் இல்லையே என்று யோசிப்பாள். ஐயோ, அறுத்துத் தைத்தது விரிந்துவிட்டதோ என்று அடுத்த பயம் வந்துவிடும்.

சட்டி காலியானதை டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் மாத்திரையைக் கூட்டினார். சட்டி அப்போதும் காலி. வருகிற புதன்கிழமையும் இதே கதையென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

நிறுத்தினால் அந்தச் சத்தம் திரும்ப வந்துவிடுமே. அந்தப் பயத்தோடுதான் அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சில கவளம் தின்றாள். கை தானாக மடிக்கு வந்தது.

அந்த நேரம் மணப்பெண்ணைக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் மேடைப் பக்கம் திரும்பினார்கள். பூச்சரத்துக்கு நடுவே மூக்கு நுனி மட்டும் தெரிந்த பெண்ணைப் பார்த்து, ஃபக்ருன்னிசா தன்னை மறந்திருந்தாள்.

குனிந்தபோது அவள் முன்னால் வெறும் தட்டு.

சோறு இல்லை. சபூரா ஆசையாகத் தள்ளிவைத்த நெஞ்செலும்பும் இல்லை. பருப்புத் தால்சா ஊற்றிய இடத்தில் ஒரு மஞ்சள் கோடு.

யா அல்லாஹ். இத்தனை பேர் நடுவிலுமா?

வலி வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்க்கவில்லை. ஒன்றும் புரியாமல் மடியில் கிடந்த வலது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகள் காய்ந்துபோயிருந்தன.

அந்தக் கை வெகுநேரமாகத் தட்டுப் பக்கமே போகவில்லை.

அப்போது இன்னொரு கை வந்தது. இடப்பக்கமிருந்து வந்து, அவள் முன்னால் மிச்சமிருந்த மஞ்சள் கோட்டை மூன்று விரலால் வழித்துக்கொண்டு போனது. பெருநாளைக்கு அவளே வாங்கிக்கொடுத்த வெள்ளி மோதிரம் அந்த விரலில் இருந்தது.

ஹனியாவின் கண்கள் மேடைமேல் இருந்தன. ஆனால் அவை பெண்ணைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

அந்தப் பார்வை ஃபக்ருன்னிசாவுக்குத் தெரியும். அடுப்படி ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்திலேயே எத்தனையோ முறை பார்த்த பார்வை.

சபூரா திரும்பினாள். "அடியாத்தே! அண்ணி பக்கத்தப் பாருடி அர்வா, கழுவி வெச்சாப்ல கீது!"

ஹனியாவின் கை பாதி வழியில் நின்றது. அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"ஆமா சபூரா," என்றாள் ஃபக்ருன்னிசா. "நான்தான் தின்னேன்."

காலைதோறும் சொன்ன அதே வார்த்தைதான். பொய்யென்று தெரிந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

துப்பட்டாவுக்கு அடியில் மகளின் இடது கையைத் தேடிப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"புதன்கிழம நீயும் வரியா கண்ணு, செங்கல்பட்டுக்கு?" என்றாள், அவள் காதுக்கு மட்டும்.

 ஹனியா கையை உருவிக்கொள்ளவில்லை.

அவ்வளவுதான் செல்லங்களா. உங்கள் வீட்டுச் சட்டி என்றைக்கும் நிறைந்திருக்கட்டும். அதிலிருந்து யாரும் ஒளிந்து நின்று தின்னாதிருக்கட்டும்.