இரண்டு காலும் சேர்ந்து

ஏரிக்கரைப் புல்வெளியில் காலை வெயில் பளபளக்கிறது. ஏற்கெனவே நனைந்த செடிக்கே நான் மறுபடியும் தண்ணீர் விடுகிறேன். பக்கத்து வீட்டு வேலியோரம் நிற்க வேறு சாக்கு இல்லை. அங்கே மார்லிஸ், அறுபத்தொரு வயசு, புல்மேல் கிடக்கும், படகின் பின்னால் இழுபட்டுப் போகும் நீர்ச்சறுக்குப் பலகையில் ஏறி நிற்கிறாள். போன ஆகஸ்டில் தண்ணீரில் விழுந்தபோது ஒரு கால் பூட்ஸிலிருந்து கழன்றது. மற்றது பூட்ஸிலேயே சிக்கிக் கணுக்கால் முறிந்தது. பனி விழும்வரை ஊன்றுகோல்தான். இன்று புது பூட்ஸ் வந்திருக்கிறது. இரண்டும் பலகையில் பூட்டும் ஒரே தகட்டில் இருப்பதால் கழன்றால் சேர்ந்தே கழலுமாம். இன்று புல்மேல் செய்யும் சோதனையில் கழலாவிட்டால் இனி சறுக்கவே போவதில்லை என்று சபதம். கணவன் ஆர்வின் பலகையின் வாலில் தன் முழு எடையோடு உட்கார்ந்திருக்கிறான். அது சாமானிய எடை இல்லை. எதிரே கிடக்கும் சோபா மெத்தையை நோக்கி மார்லிஸ் சாய்கிறாள். தகடு அசையவே இல்லை. "தகட்டோட திருகை இறுக்கிட்டியா?" "ஓட்டத்துல கழண்டுட்டா என்ன பண்றது மார்லி?" "கழண்டா நனைவேன். கழலாட்டி மறுபடியும் நீதான் என்னைக் குளிப்பாட்டணும்." ஆர்வின் அவசர அவசரமாகத் திருகைக் கடைக்காரன் போட்ட குறிக்கே தளர்த்துகிறான். மறுபடி சாய்கிறாள். டக்கென்று ஒரு சத்தம். தகடு பலகையை விட்டு எழும்ப, இரண்டு காலும் சேர்ந்தே மெத்தைக்குப் போகின்றன. முகம் புதைந்து கிடக்க, அவள் தோள்கள் குலுங்குகின்றன. பயந்துபோய்ப் பார்த்தால், சிரிப்பு! "படகை எடு ஆர்வின்!" என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். "யூனிஸ், அந்தச் செடி அழுகிரும், விடு. சறுக்குறவங்களைக் கண்ணெடுக்காம பாக்கறதுக்குன்னே படகுல ஒரு ஆள் இருக்கணும்னு விஸ்கான்சின்ல சட்டமே இருக்கு. இந்த ஏரியில உன்னைவிட்டா யாரு இருக்கா?" குழாயை மூடக்கூட நிற்காமல் ஓடுகிறேன்.