நாற்காலி மாறிய பிறகு

மட்டாஞ்சேரியில் கவுன்சலிங் நடத்தும் ஷம்சியாவின் எதிரே, கமாலுதீனும் சஃபியாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நாற்காலியை மாத்திக்குங்க. இனி நீங்க அவங்க, அவங்க நீங்க. சண்டையைத் தொடருங்க!” என்றாள் ஷம்சியா.

கமாலுதீன் குரலை மெல்லிசாக்கினார். “நீங்க பிரியாணின்னா பிரியாணி. நான் நெய்ச்சோறுன்னா காதுலயே விழாது. அப்புறம் நான் எதுக்கு?”

சஃபியா இல்லாத மீசையை முறுக்கினார். “உங்க இஷ்டம்னு சொல்லிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நான் என்ன பண்ண?”

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது.

ஷம்சியா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெளியே நௌஷாத்தும் ஃபிதாவும் நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஃபிதா, உங்க அத்தா சிரிச்சுட்டார்! நௌஷாத், உங்க அம்மாவும்தான்!”

உள்ளேயிருந்து கமாலுதீன் கத்தினார்: “நிக்காஹுக்கு நெய்ச்சோறே போட்டுடலாம், சம்பந்தி!”