ஆறாத கால்

திண்டிவனம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த சவுரிராயனுக்குக் காலில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாகியும் வலி தீரவில்லை. யுத்த சமயம், மாற்று ஆள் இல்லை. மனைவி பூமாலைதான் வெயிலில் நின்று கேட்டை மூடித் திறந்தாள்.

உண்மையில் கால் ஆறி ஒரு மாதமாகிவிட்டது. அவள் போனதும் எழுந்து உலாத்துவான், வந்ததும் முனகுவான்.

ஒருநாள் அவள் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“பூமாலை, கால் சரியாப்பூடுச்சி. நாளைக்கு நானே வேலைக்குப் போறேன்.”

அவள் பதறிக் கதவைச் சாத்தினாள்.

“மெதுவாப் பேசுய்யா! டாக்டரு போன மாசமே எங்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான் மறைச்சிக்கினு இருக்கேன்.”

“ஏன்டி?”

“நம்பளைக் கண்டாலே ஒதுங்கி நில்லுன்னு கத்துற பண்ணையாரு, நான் கேட்டைப் போட்டா காரோட காத்துக்கினு நிக்கிறாருய்யா! கம்முனு படு. உனக்கு இன்னும் ஆறு மாசம் வலிக்கும்.”