ரெண்டு வேலையும் ஒரே நேரத்தில்

“மேடம், உங்க சாஃப்ட்வேர் மறுபடியும் மக்கர் பண்ணுது!”

ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள் அக்கா. அப்படியும் கம்ப்யூட்டர் கடைக்காரரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“என்ன சார் பண்ணுது?”

“பாதி பக்கம் ஒழுங்கா அச்சடிக்குது. நான் டிஸ்க் காப்பி பண்ண ஆரம்பிச்சதும் பிரிண்டர் வாயை மூடிக்குது. ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல நடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நேத்து அனுப்பின புது டிஸ்க்கைப் போட்டீங்களா?”

“போட்டேன். முந்தாநாள் அனுப்பினதையும் போட்டேன். இப்படி இருந்தா, நான் விக்கிற ஒவ்வொரு மெஷினோடயும் சேத்துக் குடுக்க இதை எப்படி வாங்கறது? நீங்களே சொல்லுங்க.”

அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “நேர்லயே வரேன் சார்” என்றாள்.

அப்போதைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிரிண்டர் அச்சடித்து முடிக்கும்வரை வேறு எந்த வேலையையும் தொடாது. உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட வேண்டியதுதான். அக்காவின் சாஃப்ட்வேர், அச்சாக வேண்டியதையெல்லாம் வாங்கி ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு, பிரிண்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிடும். கம்ப்யூட்டர் கையை உதறிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

இதற்காகவே இருந்த வேலையை விட்டாள். இந்த மாதத்துக்குள் ஒரு பெரிய ஆர்டர் வராவிட்டால் பழைய ஆபீசுக்கே திரும்பிவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். மற்றக் கடைக்காரர்கள் எல்லாம் “பார்க்கலாம்” என்றார்கள். பரீட்சார்த்தமாக ஒரு டிஸ்க்காவது வாங்கியவர் இவர்தான்.

“ஒரு டிஸ்க் வாங்கின மனுஷனுக்கு இதுவரைக்கும் ஓசியில எத்தனை அனுப்பிட்டே?” என்றாள் தங்கை. “பேசாம அவரைத் தத்து எடுத்துக்கோ அக்கா.”

“வாயைக் குறைச்சுக்கிட்டு நீயும் கிளம்புடி.”

கடையில், சத்தம் தாங்காமல் பிரிண்டரை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார் கடைக்காரர். கம்ப்யூட்டர் வெளியே இருந்தது.

“நீங்க இங்கேயே உக்காந்து பாருங்க. உள்ள என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன்” என்றவர், கதவுக்கும் மேசைக்குமாக நடையாய் நடந்தார்.

“நின்னுடுச்சு மேடம்!”

அக்கா எதையோ திருத்தினாள்.

“ஓடுது... ஓடுது... ஐயோ, மறுபடி நின்னுடுச்சு!”

“கிரிக்கெட் வர்ணனை கெட்டது போ” என்று முணுமுணுத்தாள் தங்கை.

அக்காவுக்குக் கழுத்து வலித்தது. கண் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பழைய ஆபீசின் நாற்காலியை நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். டிஸ்க் சுழலும்போது கம்ப்யூட்டர் வேறு யாருக்கும் காது கொடுப்பதில்லை. அது மூச்சு விடும் இடைவெளியில் நைசாகப் புகுந்துதான் பிரிண்டரைக் கவனிக்க வேண்டும். ஒருவழியாக அந்த இடைவெளி அகப்பட்டது.

இங்கே டிஸ்க் கரகரவென்று சுழன்றது. கதவுக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் நிற்காமல் கிறீச்சிட்டது.

“பிரமாதம் மேடம்!” கடைக்காரர் கையைத் தட்டினார். “இது போதும். இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்!”

“அப்ப ஆர்டர் சார்?”

“பேசலாம், பேசலாம். இதோ வந்துட்டேன்.” வாசலில் வந்து நின்ற வாடிக்கையாளரைக் கவனிக்க ஓடினார்.

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

“உள்ள போய் ஒரு பார்வை பாத்துட்டு வாடி. ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தாலும் இந்த ஆளு விடியறதுக்குள்ள போன் பண்ணுவாரு.”

தங்கை போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பிரிண்டரிலிருந்து கிழித்த காகிதம் இருந்தது. முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

“உள்ள ஒரு மேசை முழுக்க உன் சாஃப்ட்வேரைத்தான் அக்கா காப்பி எடுத்து, லேபிள் ஒட்டி அடுக்கி வச்சிருக்காரு. இப்ப அச்சாகிட்டிருக்கறது அதுகூட வச்சுக் குடுக்க நீ எழுதின விளக்கக் குறிப்பு” என்றாள் தங்கை. “ஒரு எழுத்துகூட விட்டுப் போகலை, உன் பேரைத் தவிர.”